விளையாட்டும் வினையும்

விளையாட்டு வினையாகும் என்பது நம் மூத்தோர் சொல். சிறு குறும்பு பெருந்தீங்காய் முடியக்கூடும் என்று பிள்ளைகளை எச்சரிப்பதற்காக அதனைச் சொல்லிவைத்தார்கள். வினை விளையாட்டாகும் என்று அவர்களுள் எவரும் சொல்லவில்லை. அப்படியும் ஒரு காலம் வருமென்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். அந்தக் காலம் வந்து நம் வீட்டு நடு அறையில் அமர்ந்திருக்கிறது.

2023ஆம் ஆண்டு கோடையில், கடல் கடந்து வாழும் என் தமக்கையார் வீட்டில் சில நாள்கள் தங்கியிருந்தேன். போரின் இறுதி ஆண்டுகளை வன்னி மண்ணில் வாழ்ந்து கடந்தவர் அவர். ஒரு மாலை வேளையில் தேநீர் வார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் அவருடைய பதின்மூன்று வயதுப் பேரன் கணினியின் முன் இருந்தான். திடீரென ஒலிபெருக்கியிலிருந்து ஜெட் விமானத்தின் இரைச்சல் எழுந்தது. தமக்கையாரின் கை அப்படியே நின்றது. கண்கள் கூரையை நோக்கின. பின்னர் மெல்ல எழுந்து சென்று பேரனின் கதவருகே நின்றார்.

"என்ன பிளேன் ராசா அது?"

"கெஃபிர், அம்மம்மா. இஸ்ரேல் செய்த பிளேன். சரியான வேகம்."

"கிபிரோ?"

பையனின் முகம் மலர்ந்தது. "உங்களுக்கும் தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியும்" என்றார் தமக்கையார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பி வந்து தேநீரை வார்த்து முடித்தார்.

எனக்கு அன்று கடுங்கோபம் வந்தது. அறியாத பிள்ளைமேல் கோபம் கொள்வதற்கு ஒன்றுமில்லை. பின் யார்மேல் அந்தக் கோபம்? அதை ஆராய்ந்து பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. அன்பு வாசகர் பொறுமையோடு படித்து, என் வழக்கில் நியாயம் உண்டா என்று தீர்ப்புச் சொல்லவேண்டும்.

வேடம் பூண்ட விமானம்

கிபிர் என்பது எபிரேய மொழிச் சொல். சிங்கக்குட்டி என்பது அதன் பொருள். அதன் பிறப்பே ஒரு களவுக் கதையோடு பிணைந்தது. 1967ஆம் ஆண்டின் ஆறு நாள் போரை ஒட்டி, பிரான்சின் தலைவர் டி கோல் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதைத் தடுத்தார். இஸ்ரேல் விலை கொடுத்திருந்த ஐம்பது மிராஜ் விமானங்கள் பிரான்சிலேயே தங்கிவிட்டன. அந்நாள்களில் சுவிற்சர்லாந்தின் பொறியியலாளர் ஒருவர் மிராஜ் விமான எந்திரத்தின் வரைபடங்களைக் கட்டுக்கட்டாக இஸ்ரேலுக்குக் கைமாற்றினார். 1969இல் பிடிபட்ட அவருக்கு 1971இல் சிறைத் தண்டனை கிடைத்தது. இஸ்ரேல் முதலில் மிராஜின் சாயலிலேயே ஒரு விமானத்தைக் கட்டியது. அடுத்து, அமெரிக்கப் பான்டம் விமானத்தில் உள்ள ஜே 79 எந்திரத்தை அந்தப் பிரெஞ்சு உடலுக்குள் பொருத்தியது. இவ்வாறு பிறந்த கிபிர் 1973இல் முதன்முறை பறந்தது. 1975இல் உலகுக்குக் காட்டப்பட்டது. ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகம். இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள்; இறக்கையின் கீழும் வயிற்றின் கீழும் டன் கணக்கில் குண்டுகள். இருநூறுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

அமெரிக்க எந்திரம் உள்ளே இருந்ததால், அதனைப் பிறருக்கு விற்பதற்கு அமெரிக்காவின் இசைவு தேவைப்பட்டது. 1977இல் எக்குவடோர் நாடு வாங்க முன்வந்தபோது ஜனாதிபதி கார்ட்டர் தடுத்துவிட்டார். ஆட்சி மாறியதும் தடை நீங்கியது. 1982இல் எக்குவடோருக்கும், 1989இல் கொலம்பியாவுக்கும், 1996இல் இலங்கைக்கும் அவ்விமானங்கள் போய்ச் சேர்ந்தன. ஆயுதத்தின் பயணத்தில் மனச்சாட்சி ஒரு சுங்கச்சாவடி மட்டுமே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. காவலாள் மாறினால் வாயில் திறந்துகொள்ளும்.

இவ்விமானத்தின் வாழ்வில் இன்னொரு விந்தையும் உண்டு. 1985 முதல் 1989 வரை அமெரிக்கக் கடற்படையும் கடற்போர்ப் படையும் இருபத்தைந்து கிபிர் விமானங்களை வாடகைக்குப் பெற்றிருந்தன. எதற்காக? பயிற்சியில் பகைவனின் பாத்திரத்தை ஏற்பதற்காக. சோவியத்து மிக் விமானமாக அது வானில் நடித்தது. 1986இல் வெளிவந்த 'அயன் ஈகிள்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திலும் இஸ்ரேலின் கிபிர்களே பகைவனின் மிக் விமானங்களாய்த் தோன்றின. ஆக, கணினி விளையாட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கிபிர் நடிப்புத் தொழிலில் இறங்கிவிட்டது. நடிக்கும்போது அதனால் ஒருவரும் சாகவில்லை. நடிக்காத வேளைகளில் அது என்ன செய்தது என்பதே நம் கேள்வி.

இரு வெற்றிகளின் ஏடு

போர் விமானங்களைப் பற்றி எழுதுவோர் 'சேவை வரலாறு' என்று ஒன்றை எழுதுவர். அதில் முதலிடம் பெறுவது, அவ்விமானம் வானில் எத்தனை பகை விமானங்களை வீழ்த்தியது என்னும் கணக்கு. கிபிரின் கணக்கு மிகச் சிறியது. 27.6.1979 அன்று சிரிய நாட்டு மிக் 21 ஒன்றை இஸ்ரேலின் கிபிர் வீழ்த்தியது. 10.2.1995 அன்று, செனெப்பா எல்லைப் போரில், எக்குவடோரின் கிபிர் பெரு நாட்டுத் தாக்குதல் விமானம் ஒன்றை வீழ்த்தியது. பெயர் பெற்ற வெற்றிகள் இவ்விரண்டே.

இவ்வளவுதானா இதன் சேவை? அவ்வளவு சாதுவான விமானமா இது? அல்ல. வான்சண்டை என்றுமே கிபிரின் முதன்மை வேலையாய் இருந்ததில்லை. 1977 நவம்பரில் லெபனான் நாட்டின் நிலத்தில் குண்டு வீசியே அது தன் போர் வாழ்வைத் தொடங்கியது. நிலத்தைத் தாக்குவதே அதன் தொழில். ஆனால் சேவை வரலாற்று ஏட்டில் விழுந்த விமானத்துக்கு ஒரு பத்தி உண்டு. நிலத்தில் விழுந்த மனிதனுக்குப் பத்தி இல்லை. வீழ்த்தியவனின் பெயரும், நாளும், பயன்படுத்திய ஏவுகணையும் எழுதப்படும். குண்டு விழுந்த ஊரின் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இந்த ஏட்டிலிருந்துதான் விளையாட்டு பிறந்தது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க.

கீழே இருந்தவர்கள்

1996 சனவரியில் கட்டுநாயக்க விமானத் தளத்தில் பத்தாம் இலக்க அணி கிபிர்களோடு தொடங்கப்பட்டது. நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோராய் மடிந்தது அதற்கு முந்திய ஆண்டு, 9.7.1995 அன்று. அந்தப் பழியைக் கிபிரின்மேல் ஏற்றுவது பிழை. நம் துயரத்துக்கும் உண்மை ஓர் எல்லையிடவேண்டும். ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளில், வன்னியின் பிள்ளைகள் பேசக் கற்ற முதற் சொற்களுள் கிபிர் ஒன்றாயிற்று.

அங்கு வாழ்ந்தோர் வானத்தைக் காதால் படித்தார்கள். ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்தார்கள். வண்டு வந்து இரைந்து சுற்றிப் போனால் பின்னே கிபிர் வரும் என்று அஞ்சினார்கள். 'ட' வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்ட பதுங்குகுழி ஒவ்வொரு முற்றத்திலும் இருந்தது. ஏன் 'ட' வடிவம்? ஒரு முனையில் குண்டு விழுந்தால் சிதறல் மறுமுனைக்கு நேராய்ப் பாயாதிருக்க. பள்ளிக்கூடத்து மணிக்கும் ஆலயத்து மணிக்கும் இல்லாத கீழ்ப்படிதல் அந்த இரைச்சலுக்கு இருந்தது. சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுக் குழிக்குள் பாய்ந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள்.

14.8.2006 காலை, முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மேல் கிபிர்கள் குண்டு வீசின. தலைமைத்துவமும் முதலுதவியும் பயிலவென்று பாடசாலைகளிலிருந்து வந்து தங்கியிருந்த மாணவியர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. அங்குச் சென்று பார்த்த யுனிசெப் அமைப்பு, அப்பிள்ளைகள் போராளிகள் என்பதற்குத் தன்னிடம் சான்றில்லை என்றது. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் அவ்விடத்தில் படைத்தளத்துக்கான அடையாளத்தைக் காணவில்லை என்றது. அடுத்த ஆண்டு, 2.1.2007 அன்று, மன்னார் இலுப்பைக்கடவையின் படகுத்துறைக் குடியிருப்பில் வான்குண்டுக்குப் பதினைந்து பேர் பலியாகினர். மன்னார் ஆயர் இராயப்பு யோசப்பு ஆண்டகை நேரில் சென்று பார்த்து, இறந்தோர் பொதுமக்களே என்று உலகுக்குச் சொன்னார். அவர் சொல்லாதிருந்தால் அந்தப் பதினைந்து பேரும் மறுநாள் செய்தியில் 'பயங்கரவாத இலக்கு' என்னும் இரு சொல்லுக்குள் மறைந்து போயிருப்பார்கள்.

ஒரு விமானத்தின் சேவை வரலாறு என்றால், இதுவும் அதன் சேவையே.

நுட்பத்தின் பொய்

இனி விளையாட்டுக்கு வருவோம். 'வார் தண்டர்' என்பது உலகெங்கும் ஆடப்படும் ஒரு கணினிப் போர் விளையாட்டு. மொஸ்கோவில் 2002இல் தொடங்கப்பெற்று இன்று புடாப்பெஸ்ற் நகரைத் தலைமையகமாய்க் கொண்ட கைஜின் நிறுவனம் அதனை ஆக்கி, 2012 முதல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மெய்யான போர்களில் ஓடிய விமானங்களும் தாங்கிகளும் கப்பல்களும் அதில் பெருந்தொகையாய் உண்டு. இஸ்ரேலின் வரிசையில் கிபிரும் பல வகைகளில் நிற்கிறது. விளையாட்டில் இருவகை நாணயம். ஒன்று வெள்ளிச் சிங்கம்; ஆடிச் சம்பாதிப்பது. மற்றொன்று பொற்கழுகு, மெய்ப்பணம் கொடுத்து வாங்குவது. சிங்கக்குட்டியை ஓட்டச் சிங்க நாணயம் வேண்டும்!

இவ்விளையாட்டின் பெருமை அதன் நுட்பம். எந்த உயரத்தில் எந்த வேகம், எவ்வளவு குண்டு ஏற்றினால் எவ்வளவு தளரும், எந்தப் பகுதியில் அடிபட்டால் எது செயலிழக்கும் என்பதெல்லாம் மெய்யை ஒட்டி அமைக்கப்பட்டவை. ஆட்டக்காரர்களின் நுட்ப வெறி எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று போதும். 2021இல் பிரித்தானியாவின் சலஞ்சர் 2 தாங்கி சரியாய் அமைக்கப்படவில்லை என்று வாதாடிய ஒருவர், தம் கட்சியை நிறுவுவதற்காக இராணுவத்தின் இரகசிய ஆவணப் பக்கங்களையே எல்லாரும் காண வெளியிட்டுவிட்டார். அதே ஆண்டில் பிரெஞ்சுத் தாங்கி ஒன்றுக்காகவும் அவ்வாறே நடந்தது. இரும்பின் ஓர் அங்குலம் பிழைபடக்கூடாது என்பதற்காக நாட்டின் சட்டத்தையே மீறும் அளவுக்கு உண்மைப் பற்று!

ஆனால் அந்த உண்மைப் பற்று தரையைத் தொடும்போது நின்றுவிடுகிறது. பேரனின் அருகே அமர்ந்து நான் பார்த்தேன். கிபிர் மலைகளைக் கடந்து பறந்தது. கீழே வயல்கள் இருந்தன, சாலைகள் இருந்தன, கூரை வேய்ந்த வீடுகளும் இருந்தன. அவற்றில் எவரும் குடியிருக்கவில்லை. ஒரு முற்றத்திலும் துணி காயவில்லை. குறித்த தளத்தின்மேல் குண்டுகள் விழுந்தன, நெருப்பு எழுந்தது, வெகுமதி எண் ஏறியது. சற்று நேரத்தில் குண்டு வீச இன்னொரு தளம் கிடைத்தது. திரும்பும் வழியில் விமானம் அடிபட்டால் அதைச் செப்பனிடும் செலவு வெள்ளிச் சிங்கங்களில் கழிக்கப்படுகிறது. விமானத்தின் சேதத்துக்குக் கணக்கு உண்டு. குண்டு விழுந்த இடத்தின் சேதத்துக்கு வெகுமதி உண்டு. சேவை வரலாற்று ஏட்டில் நாம் கண்ட அதே கணக்கு முறை இங்கே வண்ணமும் ஒலியும் பெற்றிருக்கிறது.

இதுவே என் குற்றச்சாட்டு. இறக்கையின் ஆணிவரை உண்மை சொல்லிவிட்டு, கீழே இருந்தவரை மறைப்பது பொய்ச்சாட்சி. முழுப்பொய் சொல்பவனைச் சிறுவனும் கண்டுபிடிப்பான். நூற்றில் தொண்ணூற்றொன்பது உண்மையைச் சொல்லி, எஞ்சிய ஒன்றை விழுங்குபவனைக் கண்டுபிடிப்பது அரிது. அந்த ஒன்றுதான் உயிராயிருக்கும்.

மறுப்போர்க்குச் சில சொற்கள்

"விளையாட்டைக் கண்டு ஏன் அஞ்சுகிறீர்? இதை ஆடியவன் எவனாவது குண்டு வீசப் போனானா?" என்று கேட்பர். ஆடுகிற பிள்ளை கொலைஞன் ஆவான் என்று நான் கூறவில்லை. என் தமக்கையாரின் பேரன் இளகிய நெஞ்சினன். காயம்பட்ட புறாவை வீட்டுக்குக் கொண்டுவந்து நீர் ஊட்டியவன். அவன் செயலைப் பற்றி எனக்கு அச்சமில்லை. அவனுடைய அறிவில் ஒரு வெற்றிடம் உண்டாக்கப்படுகிறது என்பதே என் கவலை. கிபிரின் வேகம் அவனுக்குத் தெரியும். அதன் குண்டுப் பாரம் தெரியும். தன் பாட்டி அதற்கு ஒளித்துக் குழிக்குள் இருந்தது தெரியாது.

"சதுரங்கமும் போர் விளையாட்டுத்தானே? யானையும் குதிரையும் வெட்டுப்பட்டு விழவில்லையா?" என்பர் சிலர். ஆம். ஆனால் சதுரங்கத்துக் குதிரை தன்னை மெய்க்குதிரை என்று சொல்லிக்கொள்வதில்லை. நம் ஊர்த் திண்ணைகளில் கரிக்கோடு கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். அங்கே புலிக்கு ஒருவர் ஆடினால் ஆட்டுக்கும் ஒருவர் ஆடுவார். இரையாகிறவனுக்கும் பலகையில் ஓர் இடம் உண்டு; திறமை இருந்தால் ஆடுகள் சேர்ந்து புலியைக் கட்டிப்போடலாம். நான் பார்த்த வான்விளையாட்டில் அந்த வீடுகளின் பக்கம் நின்று ஆட ஒருவருமில்லை.

"இதன்வழி பிள்ளைகள் பொறியியலும் வரலாறும் கற்கிறார்கள்" என்று பெற்றோர் சிலர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். பொறியியல் கற்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் வரலாறு என்ற சொல்லை அதற்குக் கொடுக்கவேண்டாம். வேட்டைக்காரனின் துப்பாக்கியைப் பற்றி எல்லாம் எழுதி, மானைப் பற்றி எழுதாத நூலுக்கு வேட்டை வரலாறு என்று பெயரிட முடியுமா?

"போர் முடிந்து ஆண்டுகள் பல ஆயின; பழைய இரும்பைப் பற்றி ஏன் பேசவேண்டும்?" என்றும் ஒரு குரல் எழும். கிபிர் இன்னும் பழைய இரும்பாகவில்லை. 2021இல் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க ஐந்து கோடி டொலருக்கு இலங்கை அரசு இஸ்ரேல் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. எந்த எதிரிக்காக என்று கேட்கும் உரிமை அந்நாட்டின் எல்லா மக்களுக்கும் உண்டு. விளையாட்டில் கிபிரை அழகாய் மட்டுமே கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கேள்வி தோன்றுமா?

நம் பங்கும் உண்டு

இவ்வளவு சொன்னபின், விரலை நம் பக்கமும் திருப்பவேண்டும். 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானம் கட்டுநாயக்கத் தளத்தின்மேல் குண்டு போட்டபோது நம்மில் எத்தனை பேர் கைதட்டினோம்? அன்று இறந்த மூவருக்கும் தாய்மார் இருந்தார்கள். 20.2.2009 இரவில் அத்தகைய விமானம் ஒன்று கொழும்பில் வருமானவரித் திணைக்களக் கட்டடத்தின்மேல் விழுந்தது. அந்தக் கட்டடத்தின் கீழ் நின்றவனும் கீழே நின்றவனே. மேலே பறப்பது நம்முடையது என்றால் கீழே இருப்பவன் நம் கண்ணுக்கும் மறைந்துபோகிறான். ஆதலால் இது ஒரு நிறுவனத்தின் குற்றம் மட்டும் ஆகாது. விமானியின் இருக்கையில் அமர்ந்து உலகைப் பார்க்கும் எவருக்கும் நேரும் குருட்டுத்தனம் இது. விளையாட்டு அந்தக் குருட்டுத்தனத்தை இன்பமாக்கி விற்கிறது. நாம் விலை கொடுத்து வாங்கிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாய்க் கொடுக்கிறோம்.

இதனினும் பெரிய குற்றம் நம் மௌனம். தப்பி வந்தவர்கள் பேசுவதில்லை. பிள்ளைகளின் நெஞ்சம் நோகுமே என்று அஞ்சுகிறோம். அல்லது நம் நெஞ்சமே நோகுமென்று அஞ்சுகிறோம். நாம் வாய் திறவாத இடத்தில் விளையாட்டு வந்து வாய் திறக்கிறது. பாட்டி சொல்லாத கதையைப் பலகணித் திரை சொல்லிக்கொடுக்கிறது. கதை சொல்லும் பொறுப்பை நாமே கைவிட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டவனை மட்டும் ஏசுவது நேர்மையன்று.

என்ன செய்யலாம்? கணினியைப் பூட்டிவைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆசை வளரும். பிள்ளையின் அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமருங்கள். அவன் பறக்கட்டும். அவன் குண்டு வீசியதும், கோபமின்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கீழே ஆர் இருந்தது?" ஒருவருமில்லை என்பான். அப்போது நீங்கள் பேசத் தொடங்கலாம். பங்குகளில் சூலை 9ஆம் நாளும் ஆகத்து 14ஆம் நாளும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அந்த ஒளியில் பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தி, ஊரின் பெயரையும் நாளையும் அவர்களுக்குச் சொல்லுவோம். வெறுப்பை ஊட்டவேண்டியதில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னால் போதும். விமானத்தின் சேவை வரலாற்றில் எழுதாமல் விட்ட பத்தியை நாம்தான் எழுதி நிரப்பவேண்டும்.

இதனை எழுதி முடிக்குமுன் தமக்கையாரோடு தொலைபேசியில் பேசினேன். பேரனுக்கு ஏதும் சொன்னீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அவன் இடையிடையே வந்து, "உங்களுக்குக் கெஃபிரை எப்பிடித் தெரியும், அம்மம்மா?" என்று கேட்கிறானாம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்கையிருந்து தொடங்கிறது, தம்பி?" என்றார்.

"முற்றத்தில் வெட்டின பதுங்குகுழியிலிருந்து தொடங்குங்கோ, அக்கா" என்றேன். "அது ஏன் 'ட' மாதிரி இருந்தது எண்டு முதலிலை சொல்லுங்கோ. மிச்சத்தை அவன் கேட்பான்."